அறுபத்து நான்கு கட்டங்களின் கதை – 19: வேலை முடிந்து வந்து எழுதியவர்கள்

டீப் புளூவிடம் காஸ்பரோவ் தோற்ற கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1997 மே மாதம், நியூயார்க், மூன்றரைக்கு இரண்டரை. அந்த இயந்திரத்துக்குப் பின்னால் ஐபிஎம் நிறுவனம் இருந்தது. செஸ்ஸுக்கென்றே வடிவமைத்த 480 சிப்புகள் இருந்தன. நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசும் வேகம் இருந்தது. அந்தப் போட்டியை உலகமே பேசியது. அதற்கு அடுத்த ஆண்டு நடந்த ஒன்றை நம்மூரிலேகூடப் பலர் கேள்விப்பட்டதில்லை. ஆடியவர் நம்மவர் என்பதால் அதை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனமில்லை.

1998 ஜூலையில், இத்தாலியின் இஸ்கியா தீவில், மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், ரெபெல் 10 என்ற செஸ் நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். அப்போது உலகத் தரவரிசையில் காஸ்பரோவுக்கு அடுத்த இடம் அவருக்கு. ஐந்து நிமிட ஆட்டங்கள் நான்கு: ரெபெலுக்கு மூன்று புள்ளி, ஆனந்துக்கு ஒன்று. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டு: ஒன்றரைக்கு அரை, ரெபெல் பக்கம். முழுநேர ஆட்டங்கள் இரண்டு: அவற்றை ஆனந்த் ஒன்றரைக்கு அரை என்று எடுத்தார். கூட்டினால் ரெபெல் 5, ஆனந்த் 3. மற்ற கிராண்ட்மாஸ்டர்கள் ஒரு நகர்த்தலை யோசித்துக்கொண்டிருக்கையில் நாலு நகர்த்தலை முடித்துவிட்டு எழுந்து உலாவுகிறவர் என்று பெயரெடுத்தவர் ஆனந்த். அவரை வேக ஆட்டத்திலேயே அந்த நிரல் மடக்கியது.

ரெபெல் ஓடியது ஏஎம்டி கே6-2 செயலி பொருத்திய மேசைக் கணினியில். செஸ்ஸுக்கென்று செய்த சிப்பு எதுவும் அதில் இல்லை. அதை எழுதியவர் எட் ஷ்ரோடர் என்ற டச்சுக்காரர். 1980களின் தொடக்கத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கி, பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டவர். பின்னால் ஆராய்ச்சிக்கூடமும் இல்லை, விளம்பரப் பிரிவும் இல்லை.

இன்று ஒவ்வொரு செஸ் பிள்ளையின் போனிலும் உலக சாம்பியனை அடிக்கும் ஓர் இன்ஜின் காசில்லாமல் கிடக்கிறது. அது ஐபிஎம் வழியாக வந்ததல்ல. டீப் புளூ காஸ்பரோவை வென்றதும் ஓய்வுக்குப் போய்விட்டது. அதன் நிரல் யார் கைக்கும் வரவில்லை. போனில் இருப்பது ஷ்ரோடர் போன்றவர்கள் வந்த வழியில் வந்தது. பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் நிரல் எழுதி, வருடத்துக்கு ஒருமுறை ஏதோ ஓர் ஊரில் கூடித் தங்கள் நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, தோற்றவுடன் எதனால் தோற்றோம் என்று வென்றவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட ஆட்களின் வழி அது. இந்த இதழ் அவர்களுக்கானது.

அப்படிக் கூடியதன் தொடக்கம் 1970. அமெரிக்கக் கணினியாளர் சங்கம் நியூயார்க்கில் தன் ஆண்டு மாநாட்டை ஒட்டி ஒரு போட்டி வைத்தது. ஆறு நிரல்கள். பெரும்பாலான கணினிகள் எங்கெங்கோ இருந்தன. போட்டி நடந்த ஓட்டலில் பலகையும் தொலைபேசியும் இருந்தன. எதிராளியின் நகர்த்தலைத் தொலைபேசி வழியே சொல்லி, பதில் வரும்வரை காத்திருந்து, வந்ததும் கையால் காயை நகர்த்துவார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் லாரி ஆட்கின், டேவிட் ஸ்லேட், கீத் கோர்லன் மூவரும் எழுதிய 'செஸ் 3.0' வென்றது. கணினியே கணினிக்குக் காய் நகர்த்தும் காலம் வந்த பின்பும் உலகப் போட்டிகளில் இந்தக் கைப்பழக்கம் மாறவில்லை. நிரலை எழுதியவரே பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் திரையில் வந்ததைப் பலகையில் வைத்து, எதிராளி வைத்ததைத் தன் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. எதிரே அதே வேலையைச் செய்துகொண்டு இன்னொரு நிரலாளர். நாலு மணி நேரம் நேருக்கு நேர் உட்கார்ந்தால் பேசாமல் இருக்க முடியுமா? தன் நிரல் ஏன் அந்தக் குதிரையைக் கொடுத்தது என்று ஒருவர் முனக, மற்றவர் தன் திரையில் தெரிந்த எண்ணைக் காட்டுவார். செஸ் நிரலின் உத்திகளில் பாதி அப்படிப் பரவியவைதான் என்று நான் நம்புகிறேன்.

1974ல் ஸ்டாக்ஹோமில் முதல் உலகக் கணினி செஸ் போட்டி. மாஸ்கோவின் 'காய்ஸா' நான்கு சுற்றுகளையும் வென்றது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் கியோர்கி அடெல்சன்-வெல்ஸ்கி. சுங்கான்கடையிலோ குமாரகோவிலிலோ கோணத்திலோ கணினிப் பொறியியல் படிக்கும் எந்தப் பிள்ளையும் இந்தப் பெயரைத் தெரியாமலே எழுதியிருக்கும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தாளில் ஏவிஎல் மரம் வரைந்து இடப்பக்கச் சுழற்சி, வலப்பக்கச் சுழற்சி என்று மார்க் வாங்குகிறார்களே, அந்த 'ஏவி' இவர்தான். 'எல்' யெவ்கேனி லாண்டிஸ். 1962ல் இருவரும் சேர்ந்து வெளியிட்டது அந்த மரம். நாலு வருடம் கழித்து, தந்தி வழியே நடந்த ஆட்டங்களில் அமெரிக்க நிரலை மூன்றுக்கு ஒன்று என்று வென்ற மாஸ்கோ நிரலிலும் அடெல்சன்-வெல்ஸ்கியின் கை இருந்தது. பரீட்சைக்குப் படித்து மறந்துவிடும் பாடத்துக்குப் பின்னால் ஒரு செஸ் பித்தர் இருக்கிறார் என்று வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அந்த மரத்தை மறக்கவே மாட்டார்கள்.

ஆனால் ஆட்கினும் அடெல்சன்-வெல்ஸ்கியும் பெரிய கணினி இருந்த இடத்தில் வேலை பார்த்தவர்கள். வீட்டில் கணினி வைத்துக்கொண்டு எழுதியவர்களின் கதை ஒரு கணவன் மனைவியிடம் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் டான் ஸ்ப்ராக்லன், கேத் ஸ்ப்ராக்லன். இசட்-80 என்ற சின்னச் செயலி ஓடும் வீட்டுக் கணினியில் இருவரும் 'சார்கான்' என்ற நிரலை எழுதினார்கள். 1978 மார்ச்சில் சான் ஹோசேயில் நடந்த கணினிக் கண்காட்சியில் சிறு கணினிகளுக்கான செஸ் போட்டி. சார்கான் ஐந்துக்கு ஐந்து. அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. நிரலை வரி விடாமல் அச்சிட்டு அதே ஆண்டு புத்தகமாக வெளியிட்டுவிட்டார்கள். வாங்கியவர்கள் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து தங்கள் வீட்டில் ஓடவிட்டார்கள். தட்டும்போதே எப்படி எழுதுவது என்றும் கற்றுக்கொண்டார்கள். அடுத்த பத்தாண்டில் கடைகளில் விற்ற செஸ் கணினிகளுக்கு நிரல் எழுதியவர்களில் பலர் இந்தத் தலைமுறை.

வீட்டுக் கணினிக்காரர்கள் முதன்முதலாகப் பெரிய கணினிகளை மிஞ்சியது 1992, மாட்ரிட். பெரிய இயந்திரங்களில் ஓடிய நிரல்களும் ஆடிய உலகப் போட்டி அது. பட்டம் 'செஸ்மெஷின்' என்ற அட்டைக்குப் போனது. கணினிக்குள் செருகிக்கொள்ளும் ஒரு சின்ன அட்டை. அதில் ஒரு ஏஆர்எம் சிப்பு. நிரல் எழுதியவர் நாம் இஸ்கியாவில் பார்த்த அதே எட் ஷ்ரோடர். அந்த ஏஆர்எம் குடும்பத்துச் சிப்புதான் இன்று உலகத்தில் ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கிறது. மூன்று வருடம் கழித்து ஹாங்காங்கில் ஃபிரிட்ஸ் என்ற நிரல், 90 மெகாஹெர்ட்ஸ் பெண்டியம் கணினியில் ஓடி, டீப் புளூவின் முன்மாதிரியையே தோற்கடித்து உலகப் பட்டத்தை எடுத்தது. ஐபிஎம்காரர்கள் காஸ்பரோவிடம் போகும் முன்னால் பட்ட அடி அது.

தொடர் தொடங்கியதிலிருந்தே கடிதம் எழுதும் மாணவர் ஒருவர் இருக்கிறார். தக்கலைப் பக்கம், மூன்றாம் ஆண்டு. "அண்ணா, இதெல்லாம் பெரிய மூளைக்காரங்க வேலை. நான் ஒரு செஸ் இன்ஜின் எழுதணும்னா எங்க தொடங்கணும்?" என்று கேட்டிருக்கிறார். இந்த இதழில் பதில் சொல்லாவிட்டால் வேறெந்த இதழில் சொல்வது?

தம்பி, முதலில் இன்ஜின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கோயில் கல்தளத்தில் கட்டம் கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடியிருப்பீர்கள். புலி இந்த முனைக்கு வந்தால் ஆட்டை எங்கே ஒதுக்குவது, ஒதுக்கினால் புலி எதைத் தாவும், தாவினால் அதை அடைக்க எத்தனை ஆடு வேண்டும் என்று உங்கள் மனசு ஓடுகிறதே, இன்ஜினும் அதைத்தான் ஓட்டுகிறது. எனக்கு நல்லதில் நல்லதை நான் எடுப்பேன், எனக்குக் கெட்டதில் கெட்டதை எதிராளி தருவான் என்று வைத்துக்கொண்டு கிளை கிளையாக இறங்குகிறது. ஒரு கிளையில் எதிராளிக்கு நல்ல பதில் ஒன்று கிடைத்துவிட்டால் அந்தக் கிளையை அங்கேயே விட்டுவிடுகிறது. மிச்சப் பதில்களைப் பார்ப்பது வீண். ஒரு எல்லைக்கு வந்ததும் நிலையை எண்ணாக மாற்றுகிறது: சிப்பாய்க்கு நூறு, குதிரைக்கு முந்நூறு சொச்சம், யானைக்கு ஐந்நூறு, ராணிக்குத் தொள்ளாயிரம், ராஜாவைச் சுற்றிச் சிப்பாய் இல்லாவிட்டால் இத்தனை குறை என்று.

இதில் எதையும் எழுதும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. விதிப்படி ஆடக்கூடிய நகர்த்தல்களைத் தவறில்லாமல் பட்டியல் போட வேண்டும். உலகத்தில் எழுதப்பட்ட ஒவ்வொரு வீட்டு இன்ஜினும் இந்த வாசலைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. சரியாக எழுதினோமா என்று பார்க்க எல்லாரும் செய்வது 'பெர்ஃப்ட்' என்ற எண்ணிக்கை. ஆட்டத்தின் தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 நகர்த்தல்: சிப்பாய்க்குப் பதினாறு, குதிரைக்கு நான்கு. கறுப்பின் பதிலையும் சேர்த்தால் 400. மூன்றாவது நகர்த்தல் வரை 8,902. நான்காவது வரை 1,97,281. ஐந்தாவது வரை 48,65,609. உங்கள் நிரல் நான்காவது வரை சரியாகச் சொல்லிவிட்டு, ஐந்தில் 48,65,351 என்று சொல்கிறதா? 258 குறைகிறது. பக்கத்தில் இரண்டு கட்டம் பாய்ந்து வந்த சிப்பாயை, ஒரு கட்டம் மட்டும் வந்ததாகப் பாவித்து வெட்டும் 'ஆன் பாசான்' விதியை நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள். ஐந்தாவது நகர்த்தலில் அந்த வெட்டு நடக்கும் வழிகள் சரியாக 258. அதற்கு முன்னால் அது நடக்கவே முடியாது. அதனால்தான் நான்கு வரை பிழை தெரியவில்லை.

இந்த எண்ணிக்கை உங்களுக்குச் சரியாக வந்துவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். ராஜாவும் யானையும் இடம் மாறும் காஸ்லிங் தொடக்க நிலையிலிருந்து ஐந்து நகர்த்தலுக்குள் வருவதே இல்லை. அதைச் சோதிக்க நிரலாளர்கள் 'கிவிபீட்' என்ற ஒரு நிலையை வைத்திருக்கிறார்கள். பீட்டர் மெக்கன்சி என்பவர் அமைத்தது. காஸ்லிங், ஆன் பாசான், கட்டுண்ட காய்கள் எல்லாம் ஒரே நிலையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். முதல் நகர்த்தலுக்கு 48, இரண்டாவதில் 2,039, மூன்றாவதில் 97,862. இந்த மூன்றும் பொருந்தினால் காஸ்லிங்கையும் ஆன் பாசானையும் உங்கள் நிரல் படித்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். எத்தனையோ பேர் நள்ளிரவில் இந்த எண்களோடு மல்லுக்கு நின்று, ஒன்று கூடக் குறையாமல் வந்ததும் எழுந்துபோய்த் தூங்கியிருக்கிறார்கள். மூளை பெரிதா சிறிதா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. பொறுமை இருந்தால் வந்துவிடும். 2007ல் பிரத்யும்ன கண்ணன் என்ற நிரலாளர், யானையும் பிஷப்பும் பாயும் கட்டங்களை ஒரே பெருக்கலில் கண்டுபிடிக்கும் 'மேஜிக் பிட்போர்டு' உத்தியை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் புதிதாக எழுத வருகிறவர்கள் அதைப் படித்துத்தான் அந்த உத்திக்குள் நுழைகிறார்கள். பெயர் நம் காதுக்குப் பழகியதாக இருப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இரண்டாயிரத்தில் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. அதுவரை ஒரு நிரலோடு இன்னொரு நிரலை மோதவிடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. டிம் மான் உருவாக்கிய வின்போர்டு முறை ஒரு பொதுவழியைத் தந்திருந்தது. 2000 நவம்பரில் 'ஷ்ரெடர்' நிரலின் ஆசிரியர் ஸ்டெஃபான் மெயர்-காலனும் ரூடால்ஃப் ஹூபரும் யூசிஐ என்ற இன்னும் எளிய உரையாடல் முறையை வெளியிட்டார்கள். நிரலும் பலகைத் திரையும் வெறும் எழுத்து வரிகளாகப் பேசிக்கொள்ளும். "நிலை இது, இத்தனை நேரம் இருக்கிறது, போ" என்று திரை சொல்லும். "என் நகர்த்தல் இது" என்று நிரல் சொல்லும். அவ்வளவுதான். படம் வரையத் தெரியாதவரும் இன்ஜின் எழுதலாம் என்றாயிற்று.

அதன் பிறகு போட்டிகள் ஓட்டல் மண்டபத்திலிருந்து வீடுகளுக்கு வந்தன. நெதர்லாந்தின் ரிடர்கெர்க் என்ற ஊரில் ஒருவர் தன் வீட்டுக் கணினிகளில் இரவும் பகலும் ஆட்டங்களை ஓட்டி, கால்பந்து லீக் போல முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று வகுத்து, மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் நடத்தினார். சம்பளம் கிடையாது, மின்கட்டணம் அவருடையது. எங்கோ ஒரு மாணவர் எழுதிய நிரல் ஐந்தாம் பிரிவிலிருந்து நான்காம் பிரிவுக்கு ஏறினால் அது அந்த மாணவருக்குத் திருவிழா. அப்போது இன்ஜின்கள் சில நூறு கிலோபைட்டுகள்தான். ஒரு ஃப்ளாப்பியில் இரண்டு மூன்று அடங்கும். நாகர்கோவிலில் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்த காலத்தில்கூட அவற்றை இறக்கி வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்தது. ராபர்ட் ஹையட் எழுதிய 'கிராஃப்டி'யின் முழு நிரலும் படிக்கத் திறந்து கிடந்தது. வரிகளுக்கு நடுவே, இதை ஏன் இப்படிச் செய்தேன் என்று ஆசிரியரே விளக்கம் எழுதியிருப்பார். அலபாமா பல்கலைக்கழகப் பேராசிரியர் உலகத்துக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

திறந்த வீட்டில் வரும் சங்கடமும் வந்தது. ஃபாபியன் லெத்தூசே என்ற பிரெஞ்சுக்காரர் 2004ல் 'ஃப்ரூட்' என்ற நிரலை வெளியிட்டார். 2005 நடுவில் வந்த 2.1 பதிப்பு வரை அதன் நிரல் திறந்தே இருந்தது. தெளிவாக, தேவையற்ற ஒரு வரிகூட இல்லாமல் எழுதியது. அந்த ஆகஸ்டில் ரெய்க்யாவிக் உலகப் போட்டியில் அது இரண்டாம் இடம். முதலிடம் அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் ஆண்டனி கோஸி எழுதிய 'ஸாப்பா'வுக்கு. இரண்டுமே தனி ஒரு மனிதர் எழுதியவை என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டின் இறுதியில் வாஸிக் ராய்லிச்சின் 'ரைப்கா' வந்தது; வந்த வேகத்தில் எல்லாரையும் முந்தியது. 2007 முதல் 2010 வரை நான்கு உலகப் பட்டங்கள். 2011ல் லெத்தூசேயும் சக நிரலாளர்கள் பலரும் முறையிட்டார்கள். ரைப்காவுக்குள் ஃப்ரூட்டும் கிராஃப்டியும் இருக்கின்றன என்று போட்டியை நடத்திய ஐசிஜிஏ அமைப்பு முடிவு செய்தது. நான்கு பட்டங்களையும் பறித்தது. ராய்லிச்சுக்கு வாழ்நாள் தடையும் விதித்தது. ராய்லிச் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. வாழ்நாள் தடை விதித்த முறை சரியல்ல என்று உலக செஸ் கூட்டமைப்பின் நெறிமுறை ஆணையம் 2015ல் ஐசிஜிஏவை எச்சரித்தது. பட்டங்கள் திரும்பவில்லை.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். என் மனசு லெத்தூசேயோடு நிற்கிறது. திறந்து வைத்தவர் கேட்டது காசு அல்ல. எடுத்தால் எடுத்தேன் என்று சொல், நீயும் திறந்து வை என்பது மட்டும்தான். ஃப்ரூட்டை அவர் வெளியிட்ட உரிமத்தின் சாரமே அதுதான். சேர்ந்து கற்கும் இடத்தில் இந்த ஒரு மரியாதை போய்விட்டால் அடுத்தவர் எதற்குக் கதவைத் திறந்து வைப்பார்?

நல்லவேளை, திறந்து வைத்தார்கள். நார்வேயின் டோர்ட் ரோம்ஸ்டாட் 2004லிருந்து 'கிளாரங்' என்ற நிரலைத் திறந்தே வெளியிட்டுவந்தார். இத்தாலியின் மார்கோ கோஸ்டால்பா 2008ல் அதை எடுத்து, சொல்லிவிட்டே எடுத்து, மேலும் செதுக்கி வேறு பெயரில் வெளியிட்டார். நார்வேயில் காய்ந்து இத்தாலியில் சமையலாகும் காட் மீன் கருவாட்டின் பெயர்: ஸ்டாக்ஃபிஷ். பின்லாந்தின் யூனா கீஸ்கியும் சேர, மூவர் குழுவாயிற்று.

இப்போது 2013 நவம்பர் 22ஆம் தேதிக்கு வருகிறேன். அந்தத் தேதி தமிழ்நாட்டுச் செஸ் ரசிகர்களுக்கு மறக்காது. சென்னை ஹயாத் ரீஜென்சி ஓட்டலில், பத்தாவது ஆட்டம் டிராவில் முடிய, ஆறரைக்கு மூன்றரை என்ற கணக்கில் மாக்னஸ் கார்ல்சன் ஆனந்திடமிருந்து உலகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இன்ஜின் போட்ட மதிப்பெண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டே நாம் வருத்தப்பட்டோம். அதே நவம்பர் 22 அன்று அமெரிக்காவில் டான் டெய்லி இறந்தார். வயது 57. ரத்தப் புற்றுநோய்.

டெய்லி யார்? 1980களில் லாரி காஃப்மனோடு சேர்ந்து 'ரெக்ஸ்' என்ற செஸ் நிரலை எழுதியவர். எம்ஐடியில் பல செயலிகள் சேர்ந்து யோசிக்கும் செஸ் நிரல்களில் வேலை செய்தவர். கடைசியாக, மறுபடி காஃப்மனோடு சேர்ந்து, 'கொமோடோ'வை எழுதியவர். செஸ் அறிவு கிராண்ட்மாஸ்டரான காஃப்மனுடையது. அதை நிரலாக்கும் கை டெய்லியுடையது. நார்வேக்காரரான மார்ட்டின் தோரஸன் 2010ல் டிசெக் என்ற இன்ஜின் போட்டியைத் தனி ஆளாகத் தொடங்கியிருந்தார். எல்லா இன்ஜின்களுக்கும் ஒரே கணினி, நீண்ட நேரக்கட்டுப்பாடு, ஒரு நேரத்தில் ஓர் ஆட்டம். உலகெங்கும் ஆட்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பார்கள். 2013ல் அதன் ஐந்தாம் பருவம் நடந்துகொண்டிருந்தபோதே டெய்லியின் நோய் முற்றியது. அக்டோபரில் மார்க் லெஃப்லர் வந்து நிரலைக் கையேற்றுக்கொண்டார். இறுதிச் சுற்றில் கொமோடோவும் ஸ்டாக்ஃபிஷும். 48 ஆட்டங்கள். டிசம்பரில் முடிந்தபோது 25க்கு 23, கொமோடோ சாம்பியன். எழுதியவர் பார்க்கவில்லை.

ஸ்டாக்ஃபிஷ் அந்தத் தோல்வியில் தங்கிவிடவில்லை. அதே 2013ல், அந்தத் தோல்விக்கு முன்பே, கேரி லின்ஸ்காட் என்ற நிரலாளர் 'ஃபிஷ்டெஸ்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தார். இந்தத் தொடரில் நான் எழுதப்போகும் கண்டுபிடிப்புகளில் இதைவிட எனக்குப் பிடித்தது வேறில்லை. ஒருவர் நிரலில் ஒரு சின்ன மாற்றம் செய்கிறார். அது நல்லதா கெட்டதா என்று வாதிட வேண்டாம். ஆடிப் பார்த்தால் தெரியும். ஆனால் ஒரு மாற்றம் தருவது, ஆட்டத் திறனை அளக்கும் எலோ கணக்கில் ஒன்றோ இரண்டோ புள்ளிதான். அதைக் கண்டுபிடிக்கப் பல ஆயிரம் ஆட்டங்கள் வேண்டும். யார் வீட்டுக் கணினி அதைத் தாங்கும்? யார் வீட்டுக் கணினியும் என்றார்கள். தன்னார்வலர்கள் தங்கள் கணினி சும்மா இருக்கும் நேரத்தைக் கொடுத்தார்கள். பழைய நிரலும் புதிய நிரலும் அந்தக் கணினிகளில் மோதும். முதலில் பத்து வினாடி ஆட்டங்கள், தேறினால் அறுபது வினாடி ஆட்டங்கள். தேறினால் மாற்றம் உள்ளே. இல்லாவிட்டால், எழுதியவர் யாராக இருந்தாலும், வெளியே.

எத்தனை ஆட்டம் போதும் என்று யார் முடிவு செய்வது? அங்கேதான் ஆபிரகாம் வால்ட் வருகிறார். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ராணுவத் தளவாடங்களைச் சோதிக்க அவர் ஒரு முறை கண்டார். முன்கூட்டியே இத்தனை என்று எண்ணி வைக்காமல், ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போய், சான்று ஒரு பக்கம் போதுமான அளவு சாய்ந்தவுடன் நிறுத்திவிடலாம் என்பது அது. வீண் சோதனை மிச்சம். ஃபிஷ்டெஸ்ட் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்தக் கணக்கால்தான் ஏற்கிறது அல்லது தள்ளுகிறது. 1950ல் இந்தியாவில் விரிவுரை ஆற்ற வந்த வால்ட், டிசம்பர் 13 அன்று மனைவியோடு பயணம் செய்த விமானம் நம் நீலகிரி மலையில் மோதி இறந்தார். வயது 48. தன் கணக்கு ஒருநாள் செஸ் நிரல்களுக்கு நீதிபதியாகும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை. கோத்தகிரிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

ஃபிஷ்டெஸ்ட் வந்த அடுத்த ஆண்டே ஸ்டாக்ஃபிஷ் கொமோடோவைத் திருப்பி அடித்தது. 2014 மே மாதம், டிசெக் ஆறாம் பருவம், முப்பத்தைந்தரைக்கு இருபத்தெட்டரை. கொமோடோ மறுபடி இரண்டு பருவங்களை எடுத்தது. பெல்ஜியத்தின் ராபர்ட் ஹூடார்ட் எழுதிய 'ஹூடினி' நடுவில் ஒன்றை எடுத்தது. ஆனாலும் ஆயிரம் கணினிகளின் பொறுமையோடு எந்தத் தனி மனிதரும் நீண்ட நாள் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த ஃபிஷ்டெஸ்ட் இன்றும் ஓடுகிறது. தக்கலைத் தம்பி தன் மடிக்கணினியையும் அதில் சேர்த்துவிடலாம்.

அடுத்த இதழில், 2017 டிசம்பரில் கூகுளின் ஆல்ஃபாஸீரோ இவர்கள் தலையில் போட்ட இடி. நூறு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அந்த இயந்திரத்துக்கு, இதே லின்ஸ்காட் தன்னார்வலர்களைத் திரட்டி 'லீலா'வைக் கொண்டு பதில் சொன்னதும், யு நாசு என்ற ஜப்பானியர் ஷோகி ஆட்டத்துக்காக எழுதிய உத்தி 2020ல் ஸ்டாக்ஃபிஷுக்குள் வந்து சேர்ந்ததும்.